கம்பெனிச் சிரிப்பு

இது என் சிரிப்பு. இவளுக்கு இது எப்படிக் கிடைத்தது?

முத்துப்பேச்சிக்கு முதலில் தோன்றியது இவ்வளவுதான். அதற்குள் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண் அவள் தொடையைத் தட்டி, "யாரூட்டுப் புள்ளைங்க இது, என்ன போடு போடுது பாருங்க" என்றாள். மேடையில் நின்றது அவள் மகள் நாகஜோதி. ஆறாம் வகுப்பு. குழந்தைகள் தினத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வைத்திருந்தார்கள்.

என்ன வேஷம் என்று மகள் கடைசிவரை சொல்லவில்லை. "வந்து பாரும்மா, வந்தாத்தான் தெரியும்" என்று ஒரே பிடிவாதம். அம்மாவின் பழைய சேலை ஒன்றும், பனியன் கம்பெனியில் சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற நீலக் கோட்டும் வேண்டும் என்றாள். முத்துப்பேச்சி எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். காலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்குவதே பெரிய பாடாக இருந்தது. வேறு எதையும் யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

நாகஜோதிக்கு முன்னால் மூன்று நேருக்கள் வந்து போயிருந்தார்கள். மூன்றாவது நேருவின் ரோஜாப்பூ கீழே விழுந்துவிட்டது. அதைக் குனிந்து பொறுக்கியவன் பேச வேண்டியதை மறந்துவிட்டு, அழுதபடியே இறங்கிப் போனான். பிறகு ஒரு டாக்டர், ஒரு கீரைக்காரம்மா, வேல் வளைந்துபோன ஒரு முருகன். அதற்குப் பிறகுதான் தரணி டீச்சர் மைக்கில், "அடுத்து, செக்கிங் அம்மா" என்றார்.

நாகஜோதி வந்தாள். கொண்டையில் பஞ்சுத் துகள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்னக் கத்தரி. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால் ஒட்டுவதற்காகச் செக்கிங் பெண்கள் புறங்கையில் சிவப்பு ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் சிவப்புப் பொட்டுகளை ஒட்டியிருந்தாள். இல்லாத மேஜை முன்னால் நின்று, இல்லாத பனியனை உதறி, திருப்பி, தோள்பட்டைத் தையலை விரலால் நீவி, பிசிறை வெட்டி ஓரமாகப் போட்டாள். பந்தலில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது அன்றாட வேலை. அங்கங்கே சிரிப்பு கிளம்பியது.

பிறகு நாகஜோதி ஒரு அடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக் குரலைத் தடிமனாக்கிக்கொண்டாள்.

"ஏனுங், இது ஓட்டைங்களா இல்லீங்களா? சொல்லுங். கண்ண ஊட்லயே கழட்டி வெச்சுப்போட்டு வந்துட்டீங்ளா? சரக்கு வாங்கற பையர் பாத்தா நாந்தானுங் தூக்குப் போட்டுக்கோணும்."

பந்தல் அதிர்ந்தது. மரியாதையை ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல் திட்டுகிற அந்தத் திட்டு எல்லாருக்கும் தெரிந்தது. முத்துப்பேச்சியும் சிரித்துவிட்டாள். அவள் கம்பெனி சூப்பர்வைசர் செங்கோட்டையன் நேரில் வந்து நின்றது போலவே இருந்தது.

நாகஜோதி பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடியும் செக்கிங் அம்மாவானாள். தலையை லேசாகச் சாய்த்தாள். இடது கை வாயை மூடுவதற்காக மேலே வந்து, மூடாமல் மோவாய்க்கருகே நின்றுவிட்டது. கண் தரைக்குப் போனது. மூச்சு மட்டும் சின்னச் சின்னதாக வெளியே வர, சத்தமில்லாத ஒரு சிரிப்பு.

"இனிமேப்பட்டுப் பாத்துக்கறேனுங்கண்ணா."

அப்போதுதான் முத்துப்பேச்சி சிரிப்பதை நிறுத்தினாள்.

முதல் பரிசு நாகஜோதிக்குத்தான். மூடி போட்ட டிபன் பாக்ஸ். பரிசு கொடுத்த தலைமையாசிரியர் அர்த்தநாரி, "நம்ம ஊரையே மேடைல கொண்டாந்து நிறுத்திப்போட்டியே கண்ணு" என்று அவள் முதுகில் தட்டினார். தரணி டீச்சர் பந்தல் முழுக்கத் தேடி முத்துப்பேச்சியைக் கண்டுபிடித்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சின்ன வயதுதான் டீச்சருக்கு. வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கண் கலங்கியிருந்தது. "எத்தன புள்ளைங்க கலெக்டர், டாக்டர்னு வேஷம் போட்டாங்க. இவ ஒருத்திதானுங்க அவங்கம்மா வேஷம் போட்டா."

அந்தச் சொல்லில் பொய் ஏதும் இல்லை. முத்துப்பேச்சிக்கும் நெஞ்சு நிறையத்தான் செய்தது. ஆனால் நிறைந்த இடத்திலேயே ஏதோ ஒன்று முள்ளாகக் கிடந்து உறுத்தியது.

திரும்பும் வழியில் நாகஜோதி குதித்துக் குதித்து நடந்தாள். நல்லூர்த் தெருவில் ஒவ்வொரு வீட்டின் கீழ்த்தளத்திலும் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பனியன் மூட்டை ஏற்றிய பைக்குகளுக்கு வழி விட்டு விட்டு ஓரமாக நடக்க வேண்டியிருந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"சும்மா சொல்லாத. மொகத்த உர்ருன்னு வச்சிருக்க."

"வெயிலு." கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "அந்தச் சிரிப்ப எங்கட்டி புடிச்ச?"

"அன்னைக்கு ஒனக்குச் சாப்பாடு கொண்டுக்கிட்டு வந்தேன்லா, சனிக்கிழமை. மேல ஏறி வந்தனா, படியிலயே நின்னுட்டேன். அந்த ஆளு துணிய எடுத்து ஒம்மேல எறிஞ்சாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. நீ என்னடான்னா அவரப் பாத்துச் சிரிக்கே." நாகஜோதி நின்று அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "அப்பத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்குப் பயமே இல்லன்னு. நீ பாட்டுக்கு எறி, எனக்கென்னன்னு சிரிச்ச பாரு. எங்க கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எங்கம்மா திட்டுனாச் சிரிப்பா, ஒருத்தருக்கும் பயப்பட மாட்டான்னு."

முத்துப்பேச்சி மகளின் கொண்டையில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குழந்தைகள் கவுன் ஒன்றில் அக்குளுக்குக் கீழே சின்ன ஓட்டை. அவள் மேஜையைத் தாண்டி பேக்கிங் வரை போய்விட்டது. செங்கோட்டையன் அதைக் கொண்டுவந்து வீசினார். பட்டன் அவள் கன்னத்தில் பட்டது. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதைப் பொறுக்கினாள். வயிற்றுக்குள் அப்போது என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். மிரண்ட ஆடு ஒன்று உள்ளே சுற்றிச் சுற்றி ஓடியது. சிரிப்புக்கும் அந்த ஆட்டுக்கும் நடுவில் அவளைத் தவிர யாரும் எட்டிப் பார்த்ததில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மகள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, அங்கே ஒரு தைரியசாலி நிற்கிறாள் என்று நம்பியிருக்கிறாள்.

அந்தச் சிரிப்பை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், கணவன் குருசாமியோடு போய் முதல் கம்பெனியில் சேர்ந்தபோது, யாராவது சத்தம் போட்டால் அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும். கண்ணீர் வந்தால் துணி தெரியாது. துணி தெரியாவிட்டால் மறுபடியும் சத்தம். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியவள் அடுத்த வாரம் வேறு கம்பெனி வாசலில் நிற்பாள். அழவும் முடியாமல் பேசவும் முடியாமல் முகத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் தானாக அந்தச் சிரிப்பு வந்தது. திட்டியவர் அதைப் பார்த்ததும், "சரி சரி, போங்" என்று போய்விட்டார். பிறகு ஒவ்வொரு முறையும் வந்தது. கூப்பிடாமலே வந்தது.

சாயங்காலம் குருசாமி வேலை முடிந்து வந்தான். இன்னொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவியில் நின்ற முகம் அவித்த கிழங்கு மாதிரி இருந்தது. டிபன் பாக்ஸைப் பார்த்ததும், "ஏ, செஞ்சு காட்டு தாயி" என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். நாகஜோதி கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய் நின்றாள். வரிசை வீடுகளில் அந்த நேரத்துக்கு எல்லோரும் வாசலில்தான் இருப்பார்கள். வீட்டுக்கார அம்மா பழனாயியும் தண்ணீர்க் குழாயைப் பூட்டிய சாவியோடு வந்து நின்றாள்.

ஓட்டைங்களா இல்லீங்களா என்ற இடத்தில் குருசாமி உருண்டு உருண்டு சிரித்தான். கடைசிச் சிரிப்பு வந்தபோது பழனாயி கைகொட்டினாள்.

"அட, அப்படியே உங்கம்மாளாட்டவே இருக்குதே கண்ணு. எங்கிட்ட இன்னும் ரெண்டு கொடம் தண்ணி உடுங்கன்னு வருவாங்கல்லொ, அப்பச் சிரிக்கற சிரிப்பேதான் இது." முத்துப்பேச்சியைப் பார்த்து, "ஏனுங் முத்துப்பேச்சி, நாஞ் சொல்றது நெசந்தானுங்களே?" என்றாள். கேலி இல்லை. ஒரு பொருளை அடையாளம் கண்டுபிடித்த சந்தோஷம்தான் அவள் முகத்தில் இருந்தது.

"நெசந்தாங்கக்கா" என்றாள் முத்துப்பேச்சி. சொல்லும்போதே இடது கை மோவாய்ப் பக்கம் போவதை உணர்ந்து, கையை இறக்கிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியானால் அது கம்பெனியில் மட்டும் இல்லை. தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. ரேஷன் கடையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண்ணிடம் இருந்திருக்கும். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. நாம் தூங்கும்போது வாய் திறந்திருப்பதை மற்றவர்கள் பார்ப்பது மாதிரி.

உள்ளே வந்து உலை வைத்தாள். குருசாமி பின்னாலேயே வந்து, தாழ்ந்த குரலில், "எதுக்கு ஒரு மாதிரியா இருக்க? பிள்ள நல்லாத்தான செய்யுதா" என்றான்.

"நல்லாத்தான் செய்யுதா."

"பொறவென்ன?"

"நான் அப்படித்தான் சிரிக்கனா?"

குருசாமி யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற முகம் அவளுக்குத் தெரியும். "எங்கிட்ட அப்படிச் சிரிக்க மாட்ட" என்றான் கடைசியில். அவனால் கொடுக்க முடிந்த நல்ல பதில் அதுதான். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கம்பெனியில் அவள் தன் முகத்தைக் காவல் காத்தாள். அது துணி பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது. ஒரு வாரம் செங்கோட்டையன் அவள் மேஜைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஏற்றுமதிக்கு லாரி வந்து நின்ற நேரத்தில் வந்தார். கழுத்துப் பட்டி கோணலாக இருந்த பனியன் ஒன்று அவர் கையில் இருந்தது.

"இதென்னுங் இது? இதுவா கழுத்து? இத மாட்டுனா அவன் தலைய எங்கீங்க வெப்பான், தோள்லயா?"

மேஜை முழுக்கப் பெண்கள் குனிந்துகொண்டார்கள். முத்துப்பேச்சி பனியனை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு தொண்டைவரை வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். "ஆமாங்க, கோணத்தான் இருக்குது. என் தப்புத்தானுங்க" என்றாள்.

செங்கோட்டையன் அடுத்த வார்த்தைக்காக வாயைத் திறந்து வைத்திருந்தார். அது வரவில்லை. சிரிப்பு வந்திருந்தால் அவர் இன்னும் இரண்டு வாக்கியம் திட்டி முடித்துவிட்டு, "சரி போங்" என்று போயிருப்பார். அதுதான் வழக்கம். இப்போது எங்கே முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங், உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்கேன்."

"மூஞ்சியே ஒரு மாதிரி இருக்குதே. டீத்தண்ணி வந்தா மொதல்ல வாங்கிக் குடிங்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் டீக்காரர் நேராக அவள் மேஜைக்கு வந்தார்.

கோபக்காரர் என்றாலும் கெட்ட மனிதர் இல்லை. அதுவும் முத்துப்பேச்சிக்குத் தெரியும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு வெற்றி பெற்ற மாதிரியெல்லாம் இல்லை. அந்த ஆடு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்று மட்டும் புரிந்தது. சிரிக்காமலும் நிற்க முடியும், ஆனால் மிகவும் வலிக்கும். அன்று மாலையிலேயே வேறு ஏதோ ஒன்றுக்கு அவர் சத்தம் போட்டபோது சிரிப்பு தானாக வந்துவிட்டது. அவள் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

மார்கழி கடைசியில் தரணி டீச்சர் நாகஜோதியிடம் சொல்லி அனுப்பியிருந்தார், அம்மாவை ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி. அவள் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மைதானத்தில் பெரிய பெண்கள் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவளை ஒரு வகுப்பறைக்குள் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். நாகஜோதி அம்மாவின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும் என்பது அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

"ஆண்டு விழாவுக்கு யாருங்க சீஃப் கெஸ்ட்டு தெரியுங்களா? உங்க மொதலாளி லிங்கசாமி அய்யாதானுங்க. நம்ம ஸ்கூல்ல படிச்சவரு. நாகஜோதியோட செக்கிங் அம்மாவ அவரு முன்னாடி போடலாம்னு ஹெச்செம் சாரே சொல்லிப்போட்டாருங்க." டீச்சரின் குரலில் அவ்வளவு ஆசை. "அதுல நான் ஒண்ணு சேத்தீருக்கறனுங்க. கடைசில அவ சிரிப்பாளில்லீங்களா, அப்பப் பின்னால ஸ்கிரீனத் தெறந்துக்கிட்டு நீங்க வர்றீங்க. நெசமான செக்கிங் அம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு அதே மாதிரி சிரிக்கறீங்க. அவ்வளவுதானுங்க. வசனமெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க பாருங்."

முத்துப்பேச்சி அந்த மேடையை மனதுக்குள் பார்த்தாள். முன்வரிசை நாற்காலியில் முதலாளி. அவருக்குப் பின்னால், விழாவுக்குக் கூட வந்த செங்கோட்டையன். மகளும் அவளும் தலையைச் சாய்த்து, கையை மோவாய்க்குக் கொண்டுபோய் நிற்கிறார்கள். முதலாளியும் சூப்பர்வைசரும் ரசித்துச் சிரிக்கிறார்கள். பாராட்டுவார்கள்கூட. நாகஜோதி பக்கத்தில் நிற்பாள். அவ்வளவு பக்கத்தில் நின்றால் பார்த்துவிடுவாள், அம்மாவின் கையும் கண்ணும் உண்மையில் என்ன செய்கின்றன என்று. தைரியம் என்று நினைத்து அவள் எடுத்து வைத்திருக்கிற பொருள் அந்த இடத்திலேயே வேறொன்றாகிவிடும். ஒருவேளை பார்க்காமலும் போகலாம். அது அதைவிட மோசம். கைதட்டல் வாங்கிய சிரிப்பு அவளோடு ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு யாராவது திட்டினால் அவளுக்கும் கூப்பிடாமலே வரும்.

"சிரிப்ப விட்டுட்டு மத்ததச் செய்யலாமாங்க?" என்று கேட்டாள்.

"அய்யோ, அதுதானுங்க எல்லாமே" என்றார் டீச்சர்.

"அம்மா, சரின்னு சொல்லும்மா" நாகஜோதி தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒங்க மொதலாளிக்கும் தெரியட்டும்மா. நீ யாருக்கும் பயப்பட மாட்டன்னு."

டீச்சர் மகளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்த மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்பெனில ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு யோசிக்கறீங்களா? சூப்பர்வைசரு கோவிச்சுக்குவாருன்னு பயமா இருக்குதுங்களா? அப்படின்னாச் சொல்லுங்க, நான் வற்புறுத்தலீங்க."

எவ்வளவு சுலபமான வழி. ஆமாங்க, பயமா இருக்குதுங்க என்று சொன்னால் போதும். டீச்சர் அதோடு விட்டுவிடுவார், தப்பாகவும் நினைக்க மாட்டார். அது உண்மையும்கூட. ஆனால் தோளில் மகளின் கை இருந்தது. அந்தக் கை பதிலுக்காகக் காத்திருந்தது.

"பயமெல்லாம் இல்லைங்க டீச்சர்" என்றாள் முத்துப்பேச்சி.

"அப்புறம் ஏனுங்க?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இந்த அறையில் சொல்ல முடியாத பதில். வெளியே கும்மிக்காரப் பெண்கள் பாட்டை மறந்துபோய், யார் மறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவளக் கும்மில சேத்துக்கிடுங்க. நல்லா ஆடுவா. நானும் வந்து முன்னால உக்காந்து பாக்கேன்."

"நான் கும்மிக்குப் போக மாட்டேன்" என்று நாகஜோதி கையை எடுத்துக்கொண்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. முத்துப்பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொன்னதை மாற்றிச் சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"அழுகறாளுங்க பாருங்க. அவளுக்காகவாச்சும்" என்றார் தரணி டீச்சர். "இன்னும் ரெண்டு வாரம் இருக்குதுங்க. ஊட்ல போய் ஒருக்கா யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்களே."

"யோசிச்சுத்தாங்க சொல்லுதேன்." முத்துப்பேச்சி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "அது வேண்டாங்க டீச்சர்."